எது பொருந்தவில்லை?

"இன்னாங்க சார், ஒரு வரிக்காகவா ஒடுகத்தூர்லேர்ந்து இத்தினி வளைவு ஏறி வந்தீங்க?"

நதியா சிரித்துக்கொண்டே நாற்காலியைப் புளியமரத்தடிக்கு நகர்த்திப் போட்டாள். ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

"ஒரு வரியா? நீங்க திருத்தி எழுதினது நூத்தி நாப்பது வரிம்மா!" என்றார் ஜீவானந்தம். சென்னை மென்பொருள் நிறுவனமொன்றில் குழுத் தலைவர்.

வங்கி மென்பொருளைச் சோதிக்கும்போது, நிஜ வங்கிக்குப் பதிலாக ஒரு டம்மியை நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த டம்மிகளைச் செய்து தரும் 'லைப்ரரி' என்ற பொது நிரல் தொகுப்பு ஒன்று உண்டு. யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். அவர் குழுவின் பிழைப்பே அதை நம்பித்தான். ஆனால் சோதனை தோற்றால் 'பொருந்தவில்லை' என்ற செய்தியை மட்டும் காட்டிவிட்டு அது வாயை மூடிக்கொள்ளும். எதுவென்று தேடுவதற்குள் அரை நாள் போய்விடும்.

அதையெல்லாம் இந்தப் பெண் மாற்றி எழுதியிருந்தாள். இப்போது அது, 'மாதம் என்ற இடத்தில் 12 வர வேண்டும், 21 வந்திருக்கிறது. நாற்பதாவது வரியைப் பாருங்கள்' என்கிறது. என்ன தெளிவு! ஜீவானந்தம் சொக்கிப் போயிருந்தார்.

"எங்க டீமே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுது. பழைய செய்தியை எழுதினவன் மட்டும் கையில கெடைச்சான்னா... எது, எங்க, ஏன்னு ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு இன்னா கொறைஞ்சிடும்?"

"அவருக்கு நேரம் இருந்திருக்காது சார்."

"அதுக்காக? படிக்கிறவங்க இன்னா பாடு படுவாங்கன்னு நெனைக்க வேணாமா?"

"பட்டிருக்கேன் சார். எது தப்புன்னு தெரியாம மூணு மாசம் சோறே எறங்கல. எங்கம்மா பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிம்போச்சு."

முற்றத்தில் காயும் சாமையைக் கிளறிக்கொண்டிருந்த தாய் செல்லியம்மாள், "ஆமாங்க" என்று தலையாட்டினாள்.

ஒரு லைப்ரரிக்காகச் சோறு தண்ணீர் மறந்த பெண்! இவளை விட்டுவிட்டு வெறுங்கையோடு மலையிறங்கினால் நிர்வாகத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

பையிலிருந்து வேலைக்கான கடிதத்தை எடுத்து நீட்டினார். "சென்னைக்கெல்லாம் வர வேணாம். இந்த மரத்தடியிலயே உக்காந்து வேலை பாருங்க. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா."

நதியா நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"சேர்ந்துக்கிறேன் சார். ஆனா மொதல் வேலையா வேற ஒரு செய்தியைத் திருத்தி எழுதணும். சம்மதமுங்களா?"

"தாராளமா! அது எந்த லைப்ரரியில இருக்கு?"

"லைப்ரரியில இல்லீங்க. உங்க கம்பெனியில."

கைபேசியில் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் போட்ட வேலை விண்ணப்பத்துக்கு வந்த பதில் அது. 'பொருந்தவில்லை' என்று ஒரே ஒரு சொல். அதற்குக் கீழே, 'ஜீவானந்தம், குழுத் தலைவர்.'