பாசி இல்லாத படம்

"பாருங்க, இந்த லாட்ஜ்காரர் இன்னிக்கும் புளுகியிருக்கார்!"

கடல்பாசி முன்னறிவிப்பு அலுவலகத்து அதிகாரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

செயற்கைக்கோள் படத்தையும் காற்றையும் பார்த்து, எந்தத் தெருக் கரையில் என்றைக்குப் பாசி ஒதுங்கும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. கணிப்பு பலித்ததா என்று பார்க்க, தெருவுக்கு ஒருவர் தினமும் காலையில் கரையைப் படமெடுத்து அனுப்புவார்.

இந்தப் பக்கத்துத் தெரு, அந்தப் பக்கத்துத் தெரு, இரண்டிலும் முழங்கால் உயரத்துக்குப் பாசி. நடுவே லாட்ஜ்காரர் படத்தில் மட்டும் கரை பளிச்சென்று இருந்தது. இதோடு ஒன்பது நாள்.

"பாசி என்ன, அவர் தெருவை மட்டும் தாண்டிக் குதிச்சா போகும்?" என்று சிரித்தார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"பழைய படத்தை அனுப்புறார் சார். பாசின்னு தெரிஞ்சா எவன் ரூம் எடுப்பான்? அவர் பிழைப்புக்கு என் கணிப்பு பொய்யாகணுமா? ஒரு தெரு தப்புன்னா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்கன்னு மேலதிகாரி குதிக்கிறார். லிஸ்ட்லேர்ந்து இவர் பேரை அடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும், கையும் களவுமாகப் பிடிக்கப் போய் நின்றாள்.

லாட்ஜ் கதவில் பூட்டு தொங்கியது. 'பாசி சீசன் முடியும்வரை விடுமுறை' என்று ஓர் அட்டை.

பின்னால் கரையில், எழுபது வயது லாட்ஜ்காரர் பாசியைக் கூடை கூடையாக அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"வாங்கம்மா. ஆபீசுக்குப் படம் அனுப்பணுமே, அலங்கோலமாவா அனுப்புறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த அலங்கோலத்தைப் பார்க்கத்தானே சார் படமே கேட்கிறோம்! உங்க படத்தை நம்பித்தான் நகராட்சி டிராக்டர் இந்தத் தெருப் பக்கமே வர்றதில்லை."

"அப்படியா சேதி!" நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி, இனிமே படம் எடுத்துட்டு அள்ளுறேன்."

"நீங்க ஏன் அள்ளணும்? பாசியோட படம் வந்தா எட்டு மணிக்கு டிராக்டர் வந்துடும்."

"அதுவரைக்கும் தாங்காதும்மா." பக்கத்து வீட்டு மாடியைக் காட்டினார். "அந்தம்மாவுக்கு வீசிங். அழுகின பாசி வாடை பட்டா மூச்சு முட்டிப் போயிடும். ஏழு மணிக்கெல்லாம் கொஞ்சம் காத்து வேணும்னு அவங்க வீட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து விடுவான்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேற்று இந்த மனிதரை என்னவெல்லாம் பேசினோம்!

"தனியா கஷ்டப்படறீங்களே சார். அவங்க வீட்டுக்காரரையும் ஒரு கை பிடிக்கச் சொல்றேன்."

லாட்ஜ்காரர் பதறிப்போய்க் கூடையைக் கீழே போட்டார்.

"ஐயையோ, வேணாம்மா! மதில் தகராறுல பதினோரு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. அள்ளுறது நான்தான்னு தெரிஞ்சா, அந்த வீம்புக்காரன் ஜன்னலைத் திறக்கவே மாட்டான்!"