சம்பந்தி போட்ட பிச்சை

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பிச்சைக்குப் போகாதம்மா!"

கெஞ்சினான் ராமிரோ. எமெலிந்தா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாக்குத் துணியில் தைத்த அங்கியைத் தலைவழியே மாட்டிக்கொண்டாள்.

"மரிபெல்லோட அப்பா அம்மா கல்யாணம் பேச தலைநகர்லேருந்து வர்றாங்க. அவங்கப்பா ஏற்கெனவே 'கொக்கோ விக்கிற குடும்பமா?'ன்னு முகத்தைச் சுளிச்சவர். மாப்பிள்ளையோட அம்மா தெருவுல கையேந்தறதைப் பார்த்தார்னா, வந்த வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவார்."

"சாயங்காலம்தானே வர்றாங்க? மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்."

"நாளைக்குப் போயேன்."

"நாளைக்கு விருந்துடா. இன்னிக்கு எடுத்தாத்தானே நாளைக்கு உலை வைக்க முடியும்?"

"வீட்டுல மூட்டை மூட்டையா அரிசி இருக்கேம்மா!"

"அது என் அரிசி. சாமிகிட்ட அது செல்லாது."

சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிட்டாள்.

எங்கள் ஊரில் வேண்டுதல் அப்படித்தான். அறுவடைக்குத் துணை நிற்கும் புனித இசிதோரிடம் வரம் வாங்கினவர்கள், வருஷத்தில் ஒரு நாள் பிச்சையெடுத்து ஊருக்குச் சோறு போட வேண்டும். சொந்த அரிசி ஒரு மணி சேரக் கூடாது. 'சாமி பேரால' என்பதைத் தவிர வாய் திறக்கக் கூடாது. எதிரில் யார் வந்தாலும் கேட்டே ஆக வேண்டும், ஆள் பார்த்து விடக் கூடாது.

ஒரு காலத்தில் கைக்குழந்தை ராமிரோவோடு இதே தெருவில் நிஜமாகவே கையேந்தினவள்தான் எமெலிந்தா. இன்று கொக்கோ தோப்பும் லாரிகளுமாக ஊரிலேயே பெரிய கை.

"என்ன எமெலிந்தா, புது லாரி வாங்கினதுல ஓட்டாண்டி ஆயிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிடி அரிசி போட்டாள் தையல்காரி நீதியா.

"நல்லா வாங்கிக்க, நாளைக்கு எனக்கு ரெண்டு தட்டு சோறு!" என்று பக்கத்து வீட்டிலிருந்து நானும் என் பங்குக்குப் போட்டேன்.

தெருவே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அந்தப் பெரிய கார் வந்தது. சாயங்காலம் வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள்!

எமெலிந்தாவுக்கு அவர்களை அடையாளம் தெரியும். மரிபெல் காட்டிய போட்டோவில் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குத்தான் இவளைத் தெரியாது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். பிள்ளையின் கல்யாண விஷயமாயிற்றே!

கொஞ்சம் தயங்கினாள். பிறகு கார் ஜன்னலில் குடுக்கையை நீட்டிவிட்டாள்.

"சாமி பேரால."

"வெட்கமா இல்ல?" சீறினார் மரிபெல்லின் அப்பா தோன் ஃபாபியோ. "கை கால் நல்லாத்தானே இருக்கு? சாமியை எதுக்கு இழுக்கற? உழைச்சுச் சாப்பிடு! எமெலிந்தாம்மான்னு ஒருத்தங்க தோப்பு வெச்சிருக்காங்க, அங்க போய் வேலை கேளு. நாங்க அங்கதான் போறோம், வேணும்னா நானே சொல்லி வைக்கிறேன்."

திட்டி முடித்தவர், தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் குடுக்கையில் போட்டார்.

"இந்தா, பசிக்குச் சாப்பிடு. இனிமே இப்படிக் கையேந்திக்கிட்டு நிக்காத."

கார் போய்விட்டது. தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எமெலிந்தா மிச்ச வீடுகளையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். சேர்ந்த அரிசியைக் கட்டின மூட்டைக்கு ஒரு கை கொடுக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

கூடத்தில் தோன் ஃபாபியோ காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். "வர்ற வழியில ஒரு பிச்சைக்காரி, தம்பி. ஆள் வாட்டசாட்டமா இருக்கா. உங்கம்மாகிட்ட சொல்லி ஒரு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லணும்."

ராமிரோவின் முகம் வெளுத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து எமெலிந்தா உள்ளே நுழைந்தாள்.

"அட, இவதான்! ஏம்மா, சொல்லி வைக்கிறேன்னுதானே சொன்னேன், அதுக்குள்ள வந்து நிக்கறியே?"

எமெலிந்தா குடுக்கையைச் சாமி படத்தின் முன் இறக்கி வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பேசாத நோன்பு அத்தோடு முடிந்தது. திரும்பினாள்.

"வாங்க சம்பந்தி. சாப்பிட்டீங்களா?"

காப்பி தரையில் கொட்டியது.

"ஐயையோ, நீங்களா… தெரியாம என்னென்னவோ பேசிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா." எழுந்து நின்ற மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. ராமிரோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பான், பாவம்.

எமெலிந்தா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும். வருஷா வருஷம் தெருவுல இறங்கறேன். எல்லாரும் கேலி பண்ணிக்கிட்டே பணக்கார எமெலிந்தாவுக்குப் போடறாங்க. நானும் மகாராணி மாதிரி வாங்கிட்டு வருவேன். எல்லாம் கடவுள் கொடுத்ததுன்னு வாய் சொல்லும். ஆனா உள்ளுக்குள்ள, நான் சம்பாதிச்சதுன்னு ஒரு திமிர் வந்து உட்கார்ந்திருந்துச்சு. இன்னிக்கு நீங்க திட்டினப்ப, இந்தப் பயலை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னேனே, அந்த எமெலிந்தாவா நின்னேன். யாரு என்னைத் தூக்கிவிட்டதுன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

தோன் ஃபாபியோவின் மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு வாழ்ந்தா இந்த வீட்டுலதான் வாழணும்."

"அப்ப நாளைக்கு விருந்துக்கு இருந்துட்டுத்தான் போகணும்!"

எமெலிந்தா குடுக்கையிலிருந்து அந்தப் பாதி ரொட்டியை மட்டும் எடுத்துச் சாமியின் காலடியில் வைத்தாள்.

"இத்தனை வருஷமா ஊர் எனக்குப் போட்டது விளையாட்டு, சம்பந்தி. பிச்சைன்னு போட்டது நீங்க ஒருத்தர்தான்."