போன் கரைந்த அமாவாசை

இது ஒரு காக்காவும் ஒரு போனும் மொட்டைமாடியில் வாயாடிய கதை.

அன்று அமாவாசை. விரதம் இருந்த சபாபதி மாடிச் சுவரில் பருப்புச்சோறு வைத்தார். காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. காக்காவை வாய்விட்டுக் கூப்பிட அவருக்கு வெட்கம். அதனால் போனைச் சாய்த்து வைத்து, அதிலிருந்த காக்காக் குரலை ஓடவிட்டார்.

தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்கார்ந்த காக்கா, "எந்தத் தெருக் காக்காப்பா நீ?" என்று கேட்டது.

"நான் போனுங்க. என்கிட்ட ஆயிரம் காக்காக் குரல் இருக்கு."

"அப்போ அந்த ஆயிரம் பேரும் சாப்பிடட்டும்."

"ஐயோ, எனக்குச் சாப்பிட வாய் கிடையாதே!"

"வாயில்லாதவன் கூப்பிட்டு விருந்துக்குப் போனா, எங்க கூட்டத்துல சிரிப்பாங்க தம்பி."

கீழேயிருந்து சபாபதியின் மனைவி கத்தினாள். "காக்கா எடுத்துச்சா இல்லையா? இங்க எல்லாருக்கும் பசி உயிர் போகுது!"

சபாபதி பக்கத்து மாடிகளைப் பார்த்தார். யாருமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கா... கா..." என்றார். தகரத்தை ஆணியால் கீறியது போலிருந்தது.

காக்கா உடனே சோற்றில் இறங்கியது.

போனுக்குப் பொறுக்கவில்லை. "என் குரலைவிட இது நல்லாவா இருக்கு?"

"கண்றாவியா இருக்கு. ஆனா சார்ஜ் தீரும்போது பசியில நீ ஒரு சத்தம் போடுவியே, அந்த மாதிரி நிஜமா இருக்கு" என்றது காக்கா, வாய் நிறையச் சோற்றோடு.