பிணமாகக் கிடக்கும் வேலை

நான் செத்துக் கிடக்கிறேன். டகோட்டாப் புல்வெளியின் ஜூலை வெயில் என் முகத்துச் சிவப்புச் சாயத்தை உருக்கிக் காதுக்குள் இறக்குகிறது. உதட்டில் ஒரு ஈ. பிணம் ஈ ஓட்டக் கூடாது. இந்த ஊர் பிறந்த கதையை வெள்ளைக்காரர்கள் ஆண்டுதோறும் கூத்தாக ஆடுகிறார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகள், லகோட்டாக்காரர்களான நாங்கள் சுடப்பட்டு விழ வேண்டும். விழுந்த இடத்தில் அட்டைத் தேவாலயம் எழும்பும். எல்லோரும் விழுந்தாயிற்று, என் மச்சான் சைலஸைத் தவிர. அவன் குதிரைமேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். படைத்தலைவன் வேஷம் கட்டிய மருந்துக்கடை ஹாகன் வெற்றுத் தோட்டாவை மறுபடி வெடிக்கிறார். பந்தலடியில் எலுமிச்சைச் சாறு உறிஞ்சும் கூட்டம் சிரிக்கிறது. பேண்டுக்காரர்கள் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள்.

“விழுடா! ஊரே பாக்குது,” என்று பல்லைக் கடிக்கிறார் ஹாகன்.

“பாக்கட்டும். எங்கப்பாவ உங்காளுங்க நெசத் தோட்டாவால இங்கதான் சுட்டாங்க. அவரே ஒரு தடவதான் செத்தாரு. நான் மட்டும் எதுக்கு வருஷா வருஷம் சாவணும்?”

சிரிப்பு நின்றுவிடுகிறது. ஹாகன் மீண்டும் விசையை அழுத்துகிறார். தோட்டா தீர்ந்துபோன துப்பாக்கி வெறுமனே சொடுக்குகிறது. அவருடைய ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது. அதற்குள் அட்டைத் தேவாலயத்தைச் சுமந்து வந்தவர்களில் ஒருவன் பூட்ஸ் காலால் என் விலாவை நெம்புகிறான்.

“யோவ், கொஞ்சம் தள்ளிப் படு. இத இங்க வைக்கணும்.”

நான் ஈயை ஓட்டுகிறேன். எழுந்து நிற்கிறேன்.