மூலைமட்டத்துக்கு வந்த வேலை

ஜியோமெட்ரி பாக்ஸில் மூலைமட்டம் மட்டும் வாங்கிய அன்று போலவே பளபளவென்று கிடந்தது. யாரும் தொட்டதில்லை.

"நீ எதுக்குடா இருக்கே?" என்று காம்பஸ் தினமும் கேட்கும்.

அன்று கணக்குத் தேர்வு. 'முக்கோணம் வரைந்து அதற்குக் குத்துக்கோடு வரைக' என்று கேள்வி. மூலைமட்டத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"குத்துக்கோடு! என் வேலைடா அது, என் வேலை!"

"சும்மா கிட. நானே போட்டுடுவேன்."

தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஜெசிந்தா தன் பெட்டியைத் திறந்தாள். காம்பஸைத் தள்ளிவிட்டு மூலைமட்டத்தை எடுத்தாள்.

அவள் அதைக் காலருக்குள் விட்டு முதுகை வறட்டு வறட்டென்று சொறிந்தாள். "அப்பாடா!" என்று திரும்பப் பெட்டியில் போட்டாள்.

காம்பஸ் சிரித்தது. "என்னடா, குத்துக்கோடு போட்டாச்சா?"

"அதை யார் வேணா போடலாம்," என்று மூலைமட்டம் நிமிர்ந்தது. "அவ முதுகுக்கு நீ போயிருந்தா ரத்தம் வந்திருக்கும்!"