ரத்தக்காட்டேரிகளின் ஆல்பம்

2025 மார்ச் 15. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நடந்த பழைய பிரிட்டிஷ் திகில் படக் கண்காட்சியில், தம்முடைய ஆல்பத்து நடிகர் படங்களின் கீழே வேறொருவர் பெயர் எழுதப்பட்டிருந்தது என்பதே ஓய்வுபெற்ற ஆசிரியர் சேதுபதியின் குறை.

"அம்பது வருஷமா என் வீட்டில இருக்கிற ஆல்பம்மா இது," என்று ஏற்பாட்டாளர் ஹஸீனாவிடம் சீறினார். "இந்த நடிகரைப் பாருங்க. ரத்தக்காட்டேரியா வருவார், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஆனா நமக்குக் குலை நடுங்கும். இதெல்லாம் இங்க வேற யாருக்குத் தெரியும்?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஃபிரேம் போடப் படங்களைக் கழற்றினேன். ஒவ்வொண்ணுக்கும் பின்னால 'ஜாஃபர், உயர்நிலை இரண்டு'ன்னு இருந்துச்சு. அவர்தான் சேர்த்தவர்னு நினைச்சிட்டேன். பேரை மாத்திடவா?"

சேதுபதி ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. குண்டு குண்டான எழுத்து. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மாத்த வேணாம்மா."

"யார் சார் ஜாஃபர்?"

"என் மாணவன். பாடம் நடக்கிறப்ப இதைப் புரட்டிக்கிட்டிருந்தான், பறிச்சிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவனால விட முடியல. வருஷக் கடைசியில திருப்பிக் கேட்டு வந்து நின்னான்."

"என்ன சொன்னீங்க?"

அவர் ஒரு காகிதம் கேட்டு வாங்கினார். அவர் எழுதியது, கண்காட்சி முடியும்வரை ஜாஃபரின் பெயருக்குக் கீழே தொங்கியது:

"இதைப் படிப்பவரே, ஜாஃபரை நீங்கள் அறிந்திருந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள்: ஆசிரியர் அந்த ஆல்பத்தை எரிக்கவில்லை, பொய் சொன்னார்."