பீட்டரின் சொந்தச் சீமை

இதில் ஒரு வார்த்தை பொய்யானாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன். நடந்தது எண்பத்து மூன்றில், மத்திகிரியில்.

சென்னப்பன் தட்டில் கையே வைக்கவில்லை.

“முனிலட்சுமி, நார்வே கரையோரமாப் போற கடைசிக் கப்பல் ஐப்பசியிலயாம். அப்புறம் குளிரு தாங்காதாம். மூணு பேரும் போயிட்டு வந்துரலாம்.”

“பெங்களூருக்கே கூட்டிப் போகாத மனுசன்! மூணாவது ஆளு யாருய்யா?”

“பீட்டரு. பாவம், நம்ம வெயில்ல நாக்கு தள்ளிக் கெடக்கறான். சொந்தச் சீமையப் பாக்காமயே போயிருவான்போல.”

“கப்பல்ல அவன் எங்க படுப்பான்?”

“மேல்தட்டுல. பனிமலை வந்ததும் எழுப்பிக் காட்டணும். நான் பக்கத்துலயே நின்னுக்கறேன்.”

“நாளைக்கு அவன ஏலம் விடறாங்க. இவரு கப்பலு விடறாரு!”

சென்னப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். தான் வேலை செய்யும் மாட்டுப் பண்ணைக் கொட்டகைக்குப் போய், நார்வே இனத்துச் சிவப்புக் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“உங்க ஊரு கடலு எப்படிடா இருக்கும்? போறதுக்குள்ள சொல்லிட்டுப் போடா” என்றான்.

பீட்டர் பிறந்தது அதே கொட்டகையில்தான். கன்றை வெளியே இழுத்துப் போட்டவனே சென்னப்பன்.